காண்பது கண்ணா, மூளையா?

(உரைநடைப் பகுதி – அறிவியல் தமிழ்)

நுழையும்முன்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்திய தொல்காப்பியர், கண்ணால் பெறும் அறிவை நான்காவதாகவும் மனத்தால் பெறும் அறிவை ஆறாவதாகவும் வைத்தார். கண்ணைத் திறந்தால் உலகம் தெரிகிறது; மூடினால் மறைகிறது. ஆகவே, காண்பது கண்ணின் தொழில் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், கண் தொடங்கிவைக்கும் பணியை மூளையே முடித்துவைக்கிறது. நான்காம் அறிவும் ஆறாம் அறிவும் கைகோக்கும் அந்த இடத்தை அறிந்துகொள்வோம். நாம் வாழும் மைசூரு நகரிலேயே அதற்குரிய சான்றுகள் பல உள்ளன.

விளக்கொளி வரையும் அரண்மனை

ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் தசரா விழா நாள்களிலும் மைசூரு அரண்மனை ஒளியூட்டப்படுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் மின்விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர்கின்றன. 1912 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகையின் குவிமாடங்களும் வளைவுகளும் கோபுரமும் இருளிலிருந்து எழுந்து நிற்கின்றன.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். அவ்வேளையில் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் தனித்தனி ஒளிப்புள்ளிகளே. ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் இடையே இருள் இருக்கிறது. ஆயினும், நீங்கள் புள்ளிகளை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. கோடுகளைக் காண்கிறீர்கள், வளைவுகளைக் காண்கிறீர்கள், முழு அரண்மனையையும் காண்கிறீர்கள். வாசலில் இடப்படும் கோலத்திலும் இதுவே நிகழ்கிறது. புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு அம்மா மாவு எடுக்க உள்ளே சென்றாலும், அப்புள்ளிகள் வரிசைகளாகவும் சாய்கோடுகளாகவும் நமக்குத் தோன்றத் தொடங்கிவிடுகின்றன. அந்தக் கோடுகளைத் தரையில் எவரும் வரையவில்லை, மூளை வரைந்துகொள்கிறது.

மூளைக்குள் கோடுகளை அறியும் செல்கள் இருக்கின்றன என்பதை டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு அறிஞர்கள் அமெரிக்காவில் கண்டறிந்தனர். 1950களின் இறுதியில் அவர்கள் ஒரு பூனைக்குத் திரையில் ஒளிப்புள்ளிகளைக் காட்டி, அதன் மூளைச் செல்களின் மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தனர். எந்தப் புள்ளிக்கும் செல்கள் பெரிதாக மறுமொழி தரவில்லை. புள்ளி வரைந்த கண்ணாடித் தகட்டைக் கருவிக்குள் செருகியபோது, அத்தகட்டின் விளிம்பு ஒரு மெல்லிய நிழற்கோடாகத் திரையில் நகர்ந்தது. உடனே ஒரு செல் படபடவென்று துடித்தது. அந்தச் செல் வேண்டியிருந்தது புள்ளியன்று; ஒரு குறிப்பிட்ட சாய்வில் அமைந்த கோடு. நேர்கோட்டுக்குச் சில செல்கள், சாய்கோட்டுக்குச் சில செல்கள், கிடைக்கோட்டுக்குச் சில செல்கள் எனப் பார்வைப் புறணியில் வேலை பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சிக்காக 1981 ஆம் ஆண்டில் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

விழி முதல் பிடரி வரை

ஒளி, கண்ணின் முன்புறமுள்ள விழிவெண்படலத்தைக் கடந்து, பாவை என்னும் சிறு துளை வழியே உள்ளே நுழைகிறது. விழிலென்சு அதனைக் குவித்து, பின்புறமுள்ள விழித்திரையின்மீது உருவமாக விழச் செய்கிறது. அங்கு விழும் உருவம் தலைகீழானது, மிகவும் சிறியது, தட்டையானது. அதனை நாம் நிமிர்ந்ததாகவும் பெரியதாகவும் ஆழமுடையதாகவும் உணர்வது மூளையின் செயல்.

விழித்திரையில் ஏறத்தாழ 10 கோடி ஒளியுணர் செல்கள் உள்ளன. அவற்றுள் குச்சி செல்கள் மங்கிய ஒளியில் பார்க்க உதவுகின்றன; கூம்பு செல்கள் நிறங்களைப் பிரித்தறிகின்றன. இவை ஒளியை மின்குறிப்பாக மாற்றுகின்றன. ஆனால், அக்குறிப்புகளைச் சுமந்துசெல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 லட்சம் இழைகளே இருக்கின்றன. எனவே, விழித்திரையே செய்திகளைச் சுருக்கி, வேறுபாடுகளை மட்டும் பொறுக்கி அனுப்புகிறது. ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரங்களே அதற்கு முதன்மையானவை. ஒரே நிறமாய் விரிந்த சுவரைப் பற்றி அது மிகுதியாகச் சொல்வதில்லை. சுவரின் விளிம்பைப் பற்றி உரக்கச் சொல்கிறது.

இரு கண்களின் நரம்புகளும் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அங்கு ஒவ்வொரு நரம்பிலும் பாதி இழைகள் மறுபக்கம் செல்கின்றன. அதனால், நமக்கு இடப்புறம் தெரியும் காட்சி மூளையின் வலப்பாதிக்கும், வலப்புறக் காட்சி இடப்பாதிக்கும் சென்று சேர்கின்றன. வழியில் தலாமஸ் என்னும் நிலையத்தைக் கடந்து, அச்செய்திகள் தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலேயுள்ள பார்வைப் புறணியை அடைகின்றன. முகத்தின் முன்னே கண். தலையின் பின்னே காட்சி! இயற்கையின் இவ்வமைப்பு வியப்புக்குரியது.

பார்வைப் புறணியிலிருந்து செய்திகள் இரு பெரும் தடங்களில் பிரிகின்றன. கீழ்நோக்கிச் செல்லும் தடம், 'இது என்ன?' என்னும் வினாவுக்கு விடை காண்கிறது. மேல்நோக்கிச் செல்லும் தடம், 'இது எங்கே இருக்கிறது?' என்று அறிகிறது. மைதானத்தில் உங்களை நோக்கிப் பந்து வருகிறது. அது பந்து என்று அறிவது ஒரு தடம். கையை எங்கே நீட்ட வேண்டும் என்று அறிவது மற்றொரு தடம். இரண்டும் ஒருங்கே இயங்குவதால்தான் நீங்கள் பந்தைப் பிடிக்கிறீர்கள்.

செய்து பார்ப்போம் – 1: மறையும் புள்ளி

ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் சிறிய கூட்டல் குறி ஒன்றை வரைக. அதிலிருந்து வலப்புறம் 8 செ.மீ. தள்ளிக் கடுகைவிடச் சற்றுப் பெரிய கரும்புள்ளி ஒன்றை இடுக. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் உற்று நோக்குக. தாளைக் கைநீளத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டு வருக. ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் கரும்புள்ளி மறைந்துவிடும். இன்னும் அருகே கொண்டுவந்தால் மீண்டும் தோன்றும்.

காரணம் யாது? பார்வை நரம்பு விழித்திரையைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் இல்லை. அவ்விடத்திற்குக் குருட்டுப்புள்ளி என்று பெயர். அங்கு விழும் உருவம் நமக்குத் தெரிவதில்லை. ஆயினும், தாளில் ஓர் ஓட்டை இருப்பதுபோல் நமக்குத் தோன்றவில்லை. சுற்றியுள்ள வெண்மையைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. நாள்தோறும் நாம் காணும் காட்சியின் ஒரு சிறு பகுதி இவ்வாறு மூளையின் ஊகமே என்பதை இச்சோதனை காட்டுகிறது.

தாளில் எரியும் விளக்கு

மைசூரு ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தில் புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியம் ஒன்று உள்ளது. ஒரு பெண் கையில் விளக்கை ஏந்தி நிற்கிறாள். மறு கையால் சுடரை மறைத்திருக்கிறாள். விரல்களின் ஊடே செவ்வொளி கசிகிறது. முகம் பொன்னாய் ஒளிர்கிறது. இதனை இராஜா ரவிவர்மா வரைந்ததாகப் பலர் எண்ணுகின்றனர். இதனை வரைந்தவர் மகாராட்டிர ஓவியர் எஸ்.எல். ஹல்தன்கர், காலம் 1940கள். தம் மகளையே அவர் மாதிரியாக நிற்கச் செய்து வரைந்தார்.

அந்த ஓவியத்தின் முன் நிற்போர், படத்திலிருந்தே ஒளி வருவதாக உணர்கின்றனர். ஆனால், அது வெறும் தாள். அறையின் விளக்கொளியைத் திருப்பி அனுப்புவதைத் தவிர அதனால் வேறெதுவும் இயலாது. மிகவும் ஒளியுள்ள இடம்கூட வெண்தாளின் வெண்மையைத் தாண்டாது. பின், விளக்கு எரிவது எங்கே? ஓவியர், சுடரின் அருகே வெளிர்நிறத்தையும், விலகிச் செல்லச் செல்லப் படிப்படியாக அடர்நிறத்தையும், பின்னணியில் இருளையும் வைத்திருக்கிறார். ஒளி இவ்வாறு தேய்ந்து மறைவதை மூளை ஆயிரம் மாலைப் பொழுதுகளில் கண்டிருக்கிறது. பழகிய அந்த அறிவைக் கொண்டு, 'இங்கே ஒரு விளக்கு எரிகிறது' என்று அது முடிவு செய்கிறது. ஆகவே, விளக்கு எரிவது காண்பவர் மூளையில்தான். ஓவியர் அறிந்து வைத்திருந்தது வண்ணங்களின் இயல்பை மட்டுமன்று. பார்ப்பவர் உள்ளத்தின் இயல்பையும்தான்.

நிழலைக் கொண்டு மூளை எவ்வாறு வடிவத்தை அறிகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வி.எஸ். இராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951 ஆம் ஆண்டில் பிறந்த இவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப்பட்டம் பெற்றார். அமெரிக்காவின் சான் டியேகோவில் மூளை ஆய்வாளராகப் புகழ்பெற்றார். ஒளி மேலிருந்தே வருகிறது என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது என்பதை 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் அவர் எளிய வட்டங்களைக் கொண்டு விளக்கினார். கதிரவனும் நிலவும் மேலிருந்தே ஒளி தரும் உலகில் வாழும் மூளைக்கு இது பொருத்தமான எண்ணமே.

செய்து பார்ப்போம் – 2: மேடா, பள்ளமா?

சாம்பல் நிறத் தாளில் ஒரு வட்டம் வரைக. மேற்பகுதியை வெளிராகவும், கீழே வரவரக் கருமையாகவும் பென்சிலால் தீட்டுக. வட்டம் முட்டைபோலப் புடைத்துத் தோன்றும். இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புக. அதே வட்டம் குழியாகத் தோன்றும். தாளில் ஒரு கோடும் மாறவில்லை. மூளையின் முடிவு மட்டுமே மாறியது.

ஒரு கடிதம் எழுப்பிய வினா

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டே அடையாளம் காணப் பழகியிருக்கிறார். அவருக்குத் திடீரென்று பார்வை கிடைக்கிறது. தொடாமல், கண்ணால் பார்த்த அளவிலேயே 'இது உருண்டை, இது கனசதுரம்' என்று அவரால் சொல்ல முடியுமா? அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரைச் சேர்ந்த வில்லியம் மோலினோ என்பவர் 1688 ஆம் ஆண்டில் ஜான் லாக் என்னும் தத்துவ அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் இவ்வினாவை எழுப்பினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் வாதிட்டும் உறுதியான விடை கிடைக்கவில்லை. அதற்கான தெளிவான சோதனை நம் நாட்டில், தில்லியில் நடைபெற்றது.

தில்லியில் வளர்ந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராகப் பணியாற்றும் பவன் சின்ஹா, 'பிரகாஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பிரகாஷ் என்றால் ஒளி. இத்திட்டத்திற்கு இரு நோக்கங்கள். கண்புரையோடு பிறந்து, வறுமையாலோ தொலைவாலோ மருத்துவம் பெறாத சிறுவர் சிறுமியருக்கு அறுவை மருத்துவம் செய்து பார்வை அளிப்பது ஒன்று. புதிதாகக் காணத் தொடங்கும் மூளை எவ்வாறு கற்கிறது என்று அறிவது மற்றொன்று.

8 வயது முதல் 17 வயது வரையுள்ள ஐவரிடம் நடத்திய சோதனையின் முடிவுகள் 2011 ஆம் ஆண்டில் வெளியாயின. அறுவை மருத்துவம் முடிந்த ஓரிரு நாள்களுக்குள் அவர்களிடம் விளையாட்டுக் கட்டைகளால் ஆன எளிய வடிவங்கள் தரப்பட்டன. தொட்டுப் பார்த்த வடிவத்தை மீண்டும் தொட்டே அடையாளம் காணச் சொன்னபோது, நூற்றுக்கு 98 விழுக்காடு சரியாகச் சொன்னார்கள். கண்டதை மீண்டும் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது, 92 விழுக்காடு சரியாக இருந்தது. ஆனால், தொட்ட வடிவத்தைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னபோது, 58 விழுக்காடே சரியாயிற்று. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலே பாதி சரியாகிவிடும் அல்லவா? ஆகவே, அது ஏறக்குறைய ஊகமே.

மோலினோவின் வினாவுக்கு விடை, 'உடனே முடியாது' என்பது. கை அறிந்ததைக் கண் தானே அறிந்துகொள்வதில்லை. ஆயினும், கதை அங்கே முடியவில்லை. சிலரைப் பின்னர் மீண்டும் சோதித்தபோது, சில நாள்களிலேயே அவர்கள் வெகுவாக முன்னேறியிருந்தார்கள். தனியாக எவரும் பாடம் நடத்தவில்லை. கண்ணும் கையும் ஒன்றாக உலகில் உலவியதே பாடமாயிற்று.

அசைவே ஆசிரியர்

புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்குத் தொடக்கத்தில் உலகம் எவ்வாறு தோன்றுகிறது? ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையப்பட்ட படத்தைக் காட்டினால், நாம் இரண்டு வடிவங்கள் என்போம். அவர்களோ, கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு துண்டையும் தனிப்பொருளாக எண்ணினார்கள். பொருளின் எல்லை எது, நிழலின் எல்லை எது என்று பிரித்தறிய அவர்களால் இயலவில்லை. ஆனால், அதே வடிவங்களை நகரச் செய்தபோது, ஒன்றாக நகர்வன ஒரு பொருள் என்று உடனே அறிந்துகொண்டார்கள். அசைவு அவர்களுக்கு ஆசிரியராயிற்று. சாலையில் ஓடும் பேருந்தும், புல்வெளியில் நடக்கும் பசுவும் அவர்களுக்குப் பார்க்கக் கற்பித்தன.

அப்படியாயின், எல்லாம் பழக்கத்தால்தான் வருகின்றனவா? மைசூரில் 1979 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொடர்வண்டி அருங்காட்சியகத்திற்குச் செல்லும்போது தண்டவாளத்தின் ஒரு முனையில் நின்று பாருங்கள். இணையாகச் செல்லும் இரு தண்டவாளங்களும் தொலைவில் நெருங்கிவருவதாகத் தோன்றும். அப்படி நெருங்கும் இரு கோடுகளை ஒரு தாளில் வரைந்து, நடுவே ஒரே நீளமுள்ள இரண்டு குறுக்குக் கோடுகளை மேலும் கீழுமாக வரைந்தால், மேலே உள்ளது நீளமாகத் தோன்றும். நீண்ட காலப் பழக்கத்தால்தான் நாம் இவ்வாறு ஏமாறுகிறோம் என்று பலர் கருதினர். ஆனால், பிரகாஷ் திட்டத்தில் பார்வை பெற்ற சிறுவர்கள் ஒன்பது பேரிடம் இப்படத்தைக் காட்டியபோது, காணத் தொடங்கிய உடனேயே அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். இச்செய்தி 2015 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பார்வையில் சில கூறுகள் பிறப்பிலேயே அமைந்தவை. சில கூறுகள் பயின்று பெறுபவை என்பது இவ்விரு சோதனைகளாலும் விளங்குகிறது.

பயின்று பெறுவதற்கும் காலம் உண்டு. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்தால், பின்னர்த் திறந்தாலும் அக்கண் வழியே அதற்குப் பார்வை சரியாக அமைவதில்லை என்று ஹியூபலும் வீசலும் கண்டனர். கண்ணில் குறையில்லை, அக்கண்ணுக்குரிய இடத்தை மூளை மற்றொரு கண்ணுக்குக் கொடுத்துவிட்டது. மனிதக் குழந்தைகளுக்கும் தொடக்க ஆண்டுகள் இன்றியமையாதவை. ஆகவே, குழந்தையின் கண்பாவை வெண்மையாகத் தோன்றினாலோ, கண் மாறுகண்ணாக இருந்தாலோ, 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய குழந்தையைக் கண்டால், பெரியவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். காலம் கடந்து பார்வை பெற்றவர்களும் பலவற்றைக் காணக் கற்றார்கள் என்பதே பிரகாஷ் திட்டம் தந்த நற்செய்தி. எனினும், விரைந்து பெறும் மருத்துவமே சிறந்தது.

எழுத்தைக் காணக் கற்ற மூளை

மனிதர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக முகங்களையும் மரங்களையும் விலங்குகளையும் கண்டு வருகிறார்கள். எழுத்தோ அண்மையில் தோன்றியது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டு வயதுடையது. எனவே, படிப்பதற்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி ஏதும் மூளையில் இல்லை. வடிவங்களை அறியும் பகுதியிலிருந்து ஓரிடத்தை மூளை எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறது. அது பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில், பின்புறக் கீழ்ப்பகுதியில் அமைந்துள்ளது. வலமிருந்து இடமாக எழுதினாலும், இடமிருந்து வலமாக எழுதினாலும், பட எழுத்தாயினும், ஒலி எழுத்தாயினும், படிப்பவரின் மூளையில் ஏறக்குறைய அதே இடமே அப்பணியைச் செய்கிறது.

உத்தரப்பிரதேசத்தில் இலக்னோ அருகேயுள்ள சிற்றூர்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துகள் கற்பிக்கப்பட்டன. கற்பதற்கு முன்பும் பின்பும் அவர்கள் மூளை கருவியால் படமெடுக்கப்பட்டது. பார்வைப் புறணிக்கும், அதற்கு வெகு ஆழத்திலுள்ள தலாமஸ் போன்ற பகுதிகளுக்கும் இடையேயான தொடர்பு வலுப்பட்டிருந்ததை 2017 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வு காட்டியது. வளர்ந்தவர்களின் மூளையையே ஆறு மாத எழுத்துப் பயிற்சி மாற்றுகிறது என்றால், உங்கள் வயதில் அது எவ்வளவு எளிது!

மைசூரில் வாழும் நீங்கள் கடைப்பலகையில் கன்னடத்தையும், பள்ளியில் இந்தியையும் ஆங்கிலத்தையும், இப்புத்தகத்தில் தமிழையும் படிக்கிறீர்கள். நான்கு எழுத்து முறைகளுக்கும் உங்கள் கண் ஒன்றே. ஆனால், மூளை செய்யும் வேலை வேறு. 'கெ' என்னும் தமிழ் எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னே நிற்கிறது. ஆனால், அதன் ஒலி 'க்' என்பதற்குப் பின்னேதான் வருகிறது. கன்னடத்தில் அதே எகரக் குறி, எழுத்தின் மேலே ஏறி அமர்கிறது. இந்தியில் இகரக் குறி எழுத்தின் முன்னே நிற்கிறது. தமிழிலோ 'கி' என்று பின்னே வளைகிறது. 'கொ' என்பதில் க இடையே நிற்க, உயிர்க்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ஆங்கிலம்போல ஒவ்வொரு வடிவாக வரிசையில் ஒலித்துச் சென்றால் தமிழ் வராது. முழு எழுத்தையும் ஒரே பார்வையில் ஏந்தி, பிறகே ஒலிக்க வேண்டும்.

மேலும், தமிழில் 'க' என்னும் ஒரே வடிவம் 'கடல்' என்பதில் ஓர் ஒலியாகவும், 'தங்கை' என்பதில் வேறோர் ஒலியாகவும், 'மகன்' என்பதில் மற்றோர் ஒலியாகவும் நிற்கிறது. கன்னடத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. எனவே, தமிழ் படிக்கும்போது உங்கள் மூளை அடுத்த எழுத்தையும் முன்னெழுத்தையும் சேர்த்தே பார்க்கப் பழகுகிறது. 'ன', 'ண' ஆகியவற்றின் சுழிகளை எண்ணுவதும், துணைக்காலையும் ரகரத்தையும் பிரித்தறிவதும் தொடக்கத்தில் கடினமாகத் தோன்றலாம். அது உங்கள் குறையன்று. காணும் பழக்கம் இன்னும் அமையவில்லை என்பதே அதன் பொருள்.

உங்களுள் பலர் வீட்டில் தமிழ் பேசுவீர்கள். ஆனால், ஊரிலிருந்து தாத்தா அனுப்பும் திருமண அழைப்பிதழைப் படிக்க அப்பாவிடம் கொடுப்பீர்கள். செவிக்குப் பழகிய தமிழ், கண்ணுக்கு இன்னும் அயலாக இருக்கிறது. தில்லியில் பார்வை பெற்ற சிறுவர்கள் கையால் அறிந்ததைக் கண்ணால் அறியச் சில நாள்கள் ஆனதுபோல, செவியால் அறிந்த மொழியைக் கண்ணால் அறியவும் சிறிது காலம் வேண்டும். அவர்களுக்கு உலகமே பாடமாயிற்று. உங்களுக்கு நாள்தோறும் ஒரு பக்கம் தமிழ் போதும். மருந்துச் சீட்டில் பாட்டியின் பெயரையும், பேருந்தின் நெற்றியில் ஊர்ப்பெயரையும், பழைய கடிதத்தில் அத்தையின் கையெழுத்தையும் தடுமாறாமல் படிக்கும் நாளில், உங்கள் மூளையில் ஒரு புதிய பாதை அமைந்திருக்கும். அப்பாதையை வேறு எவரும் உங்களுக்காக அமைத்துத் தர இயலாது.

தெரிந்து தெளிவோம்

மனத்தின் இயக்கத்தை ஆராயும் உளவியலுக்கென மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924 ஆம் ஆண்டிலேயே தனித்துறை தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கியவர் எம்.வி. கோபாலசாமி. 1935 ஆம் ஆண்டில் மைசூரில் 'ஆகாசவாணி' என்னும் பெயரில் வானொலி நிலையத்தை நிறுவியவரும் இவரே.

சொல்லும் பொருளும்

பாவை – கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளை
விழித்திரை – கண்ணின் உட்புறத்தில் உருவம் விழும் படலம்
பிடரி – கழுத்தின் பின்புறம்
புறணி – மூளையின் மேலுறை
கண்புரை – விழிலென்சு வெண்மையடைந்து ஒளியைத் தடுக்கும் நோய்
ஊகம் – குறிப்பால் அறிந்து கொள்ளும் முடிவு
இன்றியமையாத – இல்லாமல் முடியாத

இலக்கணக் குறிப்பு

எரியும் விளக்கு, கற்ற மூளை – பெயரெச்சங்கள்
கண்டு, நின்று – வினையெச்சங்கள்
மறுமொழி தராத செல் – எதிர்மறைப் பெயரெச்சம்
காண் – கண்டான், காண்கிறான், காண்பான்

கற்பவை கற்றபின்

1. பாடத்திலுள்ள இரு சோதனைகளையும் வீட்டாரிடம் செய்து காட்டி, அவர்கள் கூறியவற்றைத் தமிழில் ஐந்து தொடர்களாக எழுதுக.
2. 'பார்த்தல்', 'காணல்', 'நோக்குதல்' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பார்வை நரம்பு விழித்திரையைவிட்டு வெளியேறும் இடம் ____________ எனப்படும்.
2. நமக்கு இடப்புறம் தெரியும் காட்சி மூளையின் ____________ பாதிக்குச் செல்கிறது.
3. ஹியூபல், வீசல் ஆகியோர் நோபல் பரிசு பெற்ற ஆண்டு ____________.

ஆ. பிரித்து எழுதுக.
1. மின்விளக்கு 2. குருட்டுப்புள்ளி 3. செவ்வொளி 4. ஒளிப்புள்ளி

இ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. விழித்திரையில் விழும் உருவம் எத்தகையது?
2. மூளையில் பிரியும் இரு பார்வைத் தடங்களும் எவ்வினாக்களுக்கு விடை காண்கின்றன?
3. மோலினோ எழுப்பிய வினா யாது?

ஈ. ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. ஹல்தன்கரின் ஓவியத்தில் விளக்கு எரிவதாக நாம் உணர்வது ஏன்?
2. பிரகாஷ் திட்டத்தின் சோதனைகள், பார்வையில் பிறவியில் அமைந்தது எது, பயின்று பெறுவது எது என்பதை எவ்வாறு உணர்த்துகின்றன?

உ. சிந்தித்து எழுதுக.
தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மூன்றிலும் உங்கள் பெயரை எழுதுக. உயிர்க்குறிகள் எழுத்தின் முன்னே, பின்னே, மேலே, கீழே எங்கெங்கு நிற்கின்றன என்பதை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.